டிக்கெட்டை விடக் கடைசி வண்டி முக்கியம்: குறைந்த செலவில் நாடகம் பார்க்கச் சில இடங்கள், ஒரு மதிப்பீடு

டிக்கெட் 300 ரூபாய். நாடகம் முடியும்போது மணி ஒன்பதே முக்கால். வாசலுக்கு வந்தால் பஸ் போய்விட்டது, ஆட்டோ 400 கேட்கிறது. அன்றைய நாடகத்தின் உண்மையான விலை 700 ரூபாய். வருஷத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை. மாதம் நாலு நாடகம் பார்க்கிறவருக்கோ கையைக் கடிப்பது டிக்கெட் அல்ல, இந்த 400தான். அதனால் இங்கே ஒவ்வோர் இடத்தையும் மேடை, ஒலி, இருக்கை ஆகியவற்றோடு, நாடகம் முடிந்தபின் வீடு திரும்புவது எப்படி என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறோம். சென்னையில் இருப்பவரை மனதில் வைத்துக் கணக்கு போட்டிருக்கிறோம். ஓசூர், கோவைக்காரர்களுக்கு இதைவிட லாபமான வழிகள் உண்டு, அவையும் கீழே வருகின்றன.

முதலில் டிக்கெட் விலை. நாடகத்துக்கு ஒரு டிக்கெட் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி இல்லை. 2018 ஜனவரிக்கு முன்பு இந்த வரம்பு 250 ஆக இருந்தது. பல குழுக்கள் 499, 500 என்று விலையை நிறுத்திக்கொள்வது இதனால்தான். ஆனால் ஆன்லைனில் வாங்கினால் தளத்தின் சேவைக் கட்டணம் தனியாக வரும், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 200 ரூபாய் டிக்கெட்டுக்குத்தான் இது உறைக்கும். அரங்கிலேயே கவுன்டர் இருந்தால் அங்கே வாங்குவது நல்லது. வேலை நாளில் நடக்கும் நாடகத்துக்குக் கவுன்டரில் டிக்கெட் கிடைக்காமல் போவது அபூர்வம். சனி, ஞாயிறு என்றால் மட்டும் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

பெங்களூரு ரங்கசங்கரா

செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகம் தருகிற இடம் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வோம். ஜே.பி. நகர் இரண்டாம் ஃபேஸில் இருக்கிறது. மறைந்த கன்னட நடிகர் சங்கர் நாக் நினைவாக அருந்ததி நாக் முன்னின்று கட்டி, 2004 அக்டோபரில் திறந்த அரங்கு. 300 பேருக்குச் சற்று மேல் உட்காரலாம். மேடை பார்வையாளர் பக்கம் நீண்டு வந்திருக்கும், இருக்கைகள் அதை வளைத்துப் படிப்படியாக ஏறும். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகரின் கண் தெரியும், மைக் இல்லாமல் பேசினாலும் கேட்கும். சபா ஹாலில் பழகியவர்களுக்கு முதல் பத்து நிமிஷம் இந்த அமைதியே விசித்திரமாக இருக்கும்.

திங்கள் தவிர அநேகமாக எல்லா நாளும் நாடகம் உண்டு. இரவுக் காட்சி ஏழரைக்கு. வார இறுதியில் பெரும்பாலும் மதியம் மூன்றரைக்கும் ஒரு காட்சி வைக்கிறார்கள். ஏழரை என்றால் ஏழரைதான். மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் யார் வந்தாலும் திறக்க மாட்டார்கள். டிக்கெட் கையில் இருக்கிறது, சில்க் போர்டில் டிராஃபிக், வெளியூரிலிருந்து வருகிறோம் என்று எதைச் சொன்னாலும் நடக்காது. கடுமையான விதிதான், ஆனால் நியாயமானது. ஆறு மணிக்குள் பக்கத்தில் வந்துவிடுங்கள். இருக்கை எண் கிடையாது, முந்தி வந்தவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். ஏழு மணி வாக்கில் மாடிப்படியில் வரிசை நிற்க ஆரம்பித்துவிடும். நடுப்பகுதியில் நான்காவது வரிசைக்கு மேல் இடம் பிடிக்கப் பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பல காட்சிகளில் நடிகரின் பக்கவாட்டு முகத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான். கீழே இருக்கும் கேன்டீனில் ஜவ்வரிசி வடை பேர்போனது. காட்சிக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள், உள்ளே எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இப்போது போக்குவரத்து. பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் காலை எட்டுக்கு முன் சென்ட்ரலை விட்டு மதியம் இரண்டுக்குள் பெங்களூரு சேர்ந்துவிடும். இரண்டாம் வகுப்பு இருக்கை 200 ரூபாய்க்குள் அடங்கும். திரும்புவதற்குப் பெங்களூரு மெயில் இருக்கிறது. இரவு பத்தரைக்கு மேல் கிளம்பி விடியற்காலை நாலரை வாக்கில் சென்ட்ரல் வரும். ஸ்லீப்பர் 300க்குள். சென்னை மெட்ரோ ஐந்து மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும், அரை மணிநேரம் ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டும். டிக்கெட் 300, சாப்பாடு 200, உள்ளூர்ப் பயணம் 100 என்று வைத்தால் மொத்தம் 1,100 ரூபாய். லாட்ஜ் செலவு இல்லை. சென்னையில் 500 ரூபாய் டிக்கெட்டும் இரண்டு பக்கமும் ஆட்டோவுமாகப் போனால் ஆகிற செலவுக்கு இது ரொம்ப தூரத்தில் இல்லை.

இதில் எங்கே சறுக்கும் என்றால், ஒன்பதே காலுக்கும் பத்தரைக்கும் நடுவில். ஸ்டேஷனை ஒட்டிய மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்தில் ஏறி, ஏழாவது நிறுத்தமான ஆர்.வி. ரோட்டில் மாறி, 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடத்தில் அடுத்த நிறுத்தமான ராகிகுட்டாவில் இறங்கினால் அரங்குக்குப் பத்துப் பதினைந்து நிமிஷ நடைதான். போகும்போது இந்த வழி சுகம். திரும்பும்போது நடை, மாறுதல், ரயிலுக்குக் காத்திருப்பு எல்லாம் சேர்த்துச் சாதாரணமாக 50 நிமிஷம் பிடிக்கும். மஞ்சள் தடத்தில் ரயில்களுக்கு இடைவெளி அதிகமென்றால் அதற்காக நிற்காமல், ஆட்டோ பிடித்து ஆர்.வி. ரோடு போய் நேரே பச்சைத் தடத்தில் ஏறிவிடுவது மேல். ஆக ஒன்றரை மணிநேர நாடகத்துக்கு மெயில் தாராளமாகக் கிடைக்கும். இரண்டு மணிநேரம் என்றால் கொஞ்சம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்கு மேல் நீளும் நாடகத்தை மதியக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்கும் பக்கத்தில் நாடகத்தின் நீளம் போட்டிருக்கும். சென்னையிலிருந்து போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான், விமர்சனத்தை அப்புறம் படிக்கலாம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது. பெரும்பாலான நாடகங்கள் அவ்வளவு முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. அதனால் அனுபவப்பட்டவர்கள் செய்வது இது: மாதம் ஒரு சனிக்கிழமை என்று முதலிலேயே முடிவுசெய்து ரயிலைப் போட்டுவிடுவார்கள், அன்றைக்கு என்ன நாடகமோ அதைப் பார்ப்பார்கள். பிடித்த நாடகத்தைத் துரத்திக்கொண்டு கடைசி நேரத்தில் தட்கலுக்குப் போனால் ஸ்லீப்பருக்கே 100 ரூபாயாவது கூடும், உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதார் இணைத்த கணக்கு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வெயிட்டிங் லிஸ்ட் நம்பரை நம்பிக் கிளம்பவே கூடாது. சார்ட் போட்ட பிறகும் அப்படியே இருந்தால் ஆன்லைன் டிக்கெட் தானே ரத்தாகிவிடும், அந்த நேரத்தில் சாந்திநகர் பஸ் நிலையத்துக்கு ஓட வேண்டிவரும்.

ஓசூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மஞ்சள் வழித்தடத்தின் மறுமுனை பொம்மசந்திரா, ஓசூர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. ஓசூரிலிருந்து பஸ்ஸில் அங்கே வந்து ஏறினால் மாறுதலே இல்லாமல் ராகிகுட்டா. சில்க் போர்டைத் தலைக்கு மேலேயே தாண்டிவிடலாம்.

மொழி? பாதிக்கு மேல் கன்னடம், மீதி ஆங்கிலமும் இந்தியும், அவ்வப்போது தமிழ். மகாபாரதக் கதை, நாட்டார் கதை என்று எடுத்துக்கொண்டு தொடங்கினால் கன்னடம் ஒரு தடையே இல்லை. குடும்பத்துக்குள் நடக்கும் சமகால நகைச்சுவையை மட்டும் முதலில் தவிருங்கள். அரங்கமே சிரிக்கும், நாம் மட்டும் விழித்துக்கொண்டிருப்போம்.

சென்னை: சபாக்களும் மற்றவையும்

சென்னையில் இரண்டு நாடக உலகங்கள் இருக்கின்றன, ஒன்றின் ரசிகர் மற்றதை எட்டிப் பார்ப்பது குறைவு.

சபா நாடகத்தின் கணக்கே வேறு. அங்கே குழுவுக்குப் பணம் கொடுப்பது சபா, பார்வையாளர் சபாவுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறார். 1952இல் தொடங்கிய யுஏஏ (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்), 1979இல் தொடங்கிய கிரேஸி கிரியேஷன்ஸ் போன்ற குழுக்கள் இந்த ஏற்பாட்டில் வளர்ந்தவைதான். சந்தா கட்டுமுன் செயலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வருஷத்தில் கச்சேரி, நடனம் போக நாடகம் மட்டும் எத்தனை? ஒரு கார்டுக்கு ஒருவரா, இருவரா? டிசம்பர் சீசன் இதில் சேருமா, தனியா? வருஷத்துக்கு ஆறு நாடகத்துக்குக் கீழே என்றால், நாடகத்துக்காக மட்டும் சந்தா கட்டுவதில் லாபமில்லை. உறுப்பினர் அல்லாதவர்களையும் பல சபாக்கள் பின்வரிசையில் அனுமதிக்கும். வாசலில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கோடையில் நாரத கான சபாவில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் நாளுக்கொரு புது நாடகம் வரும். ஒரு வருஷத்துச் சபா நாடகம் எந்தத் திசையில் போகிறது என்று சில மாலைகளில் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சபா ஹால்கள் கச்சேரிக்குக் கட்டியவை. நாடகத்துக்கு மேலிருந்து மைக்கைத் தொங்கவிடுவார்கள், அல்லது மேடை விளிம்பில் வைப்பார்கள். நடிகர் மைக்கை விட்டு நாலடி நகர்ந்தால் வசனத்தில் பாதி போய்விடும். அதனால் அனுபவமுள்ள நடிகர்கள் மைக்குக்குக் கீழேயே நின்று பேசுவார்கள், நாடகம் அசைவில்லாமல் ஒரே வரிசையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்திலிருந்து பத்தாவது வரிசைக்குள், நடுவில் உட்காருங்கள். முதல் இரண்டு வரிசை வேண்டாம். கழுத்தும் வலிக்கும், ஸ்பீக்கர் முன்னால் இருப்பதால் குரல் ஒரு பக்கத்திலிருந்தும் ஆள் இன்னொரு பக்கத்திலிருந்தும் வருவது போலத் தோன்றும்.

நேரத்தில் சபாக்கள் உத்தமம். ஆறரை அல்லது ஏழுக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மயிலாப்பூர் பாரதிய வித்யா பவனிலிருந்து திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் பத்து நிமிஷ நடை. வாணி மகாலிலிருந்து பனகல் பார்க்குக்கு நடந்தே வந்துவிடலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. அந்தப் பேருந்து ஓடும் தடத்தில் இருக்கும் அரங்கைத் தேர்ந்தெடுத்தால் பெண்களுக்குப் போக்குவரத்துச் செலவு பூஜ்யம். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் பேருந்தில் இது செல்லாது, ஏறுமுன் போர்டைப் பாருங்கள்.

மறுபக்கம் நவீன நாடகம். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் கட்டியது, அரைவட்டமாக அடுக்கிய இருக்கைகள், பார்க்கவே அழகு. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், ஆழ்வார்ப்பேட்டையில் ‘மேடை’ என்ற அரங்கு, பெசன்ட் நகர் ஸ்பேசஸ் போன்ற சின்ன இடங்களில்தான் புதிய தமிழ் நாடகங்கள் அதிகம் அரங்கேறுகின்றன. இவற்றில் எழும்பூருக்குத்தான் திரும்பும் வழி நன்றாக இருக்கிறது. மெட்ரோ, புறநகர் ரயில் இரண்டும் நடக்கும் தூரத்தில், மெட்ரோ பதினோரு மணி வரை. பெசன்ட் நகரில் இரவு ஒன்பதரைக்கு மேல் பஸ்ஸுக்கு நிற்பது பொறுமைக்கான பரீட்சை. ஷேர் செய்ய ஆள் சேர்த்துக்கொண்டு போவதுதான் வழி.

திருச்சூர் சர்வதேச நாடக விழா

2008 முதல் கேரள சங்கீத நாடக அகாதமி நடத்துவது. தனித்தனியாகப் பார்க்க முடியாத வெளிநாட்டு நாடகங்கள் சினிமா டிக்கெட்டை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அகாதமி வளாகத்துக்குள்ளேயே கே.டி. முகமது ரீஜினல் தியேட்டரும் நடிகர் முரளி பெயரில் திறந்தவெளி அரங்கும் இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். இங்கே சிக்கனத்தின் சூத்திரம் எளிது. ஒரு பயணச் செலவை ஆறு நாடகத்தால் வகுக்க வேண்டும். ஒரே நாடகத்துக்காகப் போவது வீண். வெள்ளி இரவு சென்னையில் திருவனந்தபுரம் மெயில் ஏறினால் சனி காலை திருச்சூர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பார்த்துவிட்டு ஞாயிறு இரவே ஏறிவிடலாம், லாட்ஜ் ஒரு ராத்திரிக்கு மட்டும். கோவைக்காரர்களுக்கு அதுவும் வேண்டாம், மூன்று மணிநேரப் பயணம்தான்.

டிக்கெட்டில் ஒரு பகுதி ஆன்லைனிலும் மீதி அன்றன்று கவுன்டரிலும் கொடுப்பது வழக்கம். ஆன்லைனில் தீர்ந்துவிட்டது என்று பயணத்தை ரத்து செய்துவிடாதீர்கள். பேர்பெற்ற நாடகத்துக்கு வரிசையில் ஒரு மணிநேரத்துக்கும் மேல் நிற்க வேண்டிவரும் என்பது மட்டும் உறுதி. அடுத்தடுத்த இரண்டு நாடகங்களுக்கு நடுவே முக்கால் மணிநேரத்துக்குக் குறைவான இடைவெளி இருந்தால் இரண்டையும் வாங்காதீர்கள். முதலாவது தாமதமாகத் தொடங்கினால் இரண்டாவது கையை விட்டுப் போகும்.

இரவெல்லாம் கூத்து

இதுவரை சொன்ன எல்லா இடங்களிலும் கடைசி வண்டிதான் பிரச்சினை. கூத்தில் அந்தப் பிரச்சினையே எழாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்போது முடியும், முடிந்ததும் முதல் பஸ். டிக்கெட்டும் கிடையாது. தமிழ்நாட்டில் செலவுக்கு மிஞ்சிய பலன் தருகிற நாடகம் இதுதான் என்பது எங்கள் தீர்ப்பு. நகரத்து நாடக ரசிகர்கள் இதை ‘கிராமியக் கலை’ என்று தனியே ஒதுக்கி வைத்திருப்பதால் இழப்பு அவர்களுக்கே.

எங்கே, எப்போது? காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி, சித்திரையிலிருந்து ஆடி வரை பாரத விழா நடக்கும். மதியம் பாரதப் பிரசங்கம், இரவு கூத்து. ஓர் ஊரில் எட்டுப் பத்து இரவுகள் தொடர்ந்து நடக்கும். அந்தந்த ஊர் பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் எந்தத் தேதிக்கு எந்தக் கூத்து, எந்த மன்றம் (கூத்துக் குழு) என்று வரிசையாக இருக்கும். அதைப் போனில் படமெடுத்துக்கொள்வதுதான் முன்பதிவு. ஒரே ஓர் இரவுதான் முடியும் என்றால் துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தபசு அன்று அர்ச்சுனன் வேடக்காரர் நட்டுவைத்த உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். நடிப்பை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் கர்ண மோட்சம்.

உட்காருவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் காலையில் காது கேட்காது. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை வாசிப்பவர்கள் களத்தின் பின்பக்கம் பெஞ்சில் இருப்பார்கள். அவர்களுக்கு எதிர்ப்புறம், சற்றே பக்கவாட்டில் பாயை விரித்தால் திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வெளிப்படும் தருணம் முழுதாகத் தெரியும். கட்டியக்காரன் வந்து பேசும் முதல் அரை மணிநேரத்தில் எழுந்து டீக்குப் போய்விடாதீர்கள், அன்றைய கதையின் முன்கதை அதில்தான் வரும். தூங்குவதாக இருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு கோழித்தூக்கம் போடுங்கள். நாலு மணிக்கு மேல் கதை உச்சத்துக்குப் போகும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: பாய், பனிக்கு ஒரு துண்டு, தண்ணீர், டார்ச், பத்து இருபது ரூபாய்ச் சில்லறை. கழிவறை வசதி கிராமத்தில் எதிர்பார்க்கக் கூடாது, டவுனிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும். கிராமத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ் எட்டரை, ஒன்பதோடு நின்றுவிடும். தாமதமாகிவிட்டால் செய்யாற்றிலிருந்து ஆட்டோதான், அது அன்றைய மொத்தச் செலவையும் இரண்டு மடங்காக்கிவிடும். திரும்பும்போது காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் கடற்கரை போகும் மின்ரயில் நேரம் ஒத்துவந்தால் பஸ்ஸை விட மலிவு, படுத்துக்கொண்டே வரவும் இடம் கிடைக்கலாம். சாப்பாட்டையும் சேர்த்து 300 ரூபாயைத் தாண்டாது. அதில் மிச்சம் பிடித்த காசில் நூறு ரூபாயை நடிகருக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள். கூத்தை நடுவில் நிறுத்திப் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். கூச்சமாக இருந்தால் ‘ஊர் பெயர் மட்டும் போதும்’ என்று சொல்லிவிடலாம்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதே போல ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே அமர்த்துவார்கள், ஒத்திகை கிடையாது. முதல் இரண்டு மணிநேரம் பபூன், டான்ஸ். வள்ளி திருமணத்தில் தர்க்கம் சூடுபிடிப்பது நள்ளிரவு தாண்டித்தான். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் நஷ்டமில்லை.

பாரத விழாவின் கடைசி நாள் மட்டும் வேறு மாதிரி. இரவுக் கூத்து முடிந்ததும் யாரும் கலைய மாட்டார்கள். காலையில் களிமண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம் நடக்கும், மாலையில் தீமிதி. இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் இடையில் டவுனுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகு கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், மீதி தூரம் நடைதான். செருப்பைக் கோயில் வாசலில் விடாமல் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.